ஏழாம் எண் தகவலாளி

1

வெளிநாட்டில் படிக்கிறேன் என்று சொன்னால் ஊரில் இருக்கும் உங்களுக்கு ஒரு படம் ஓடும். கண்ணாடிக் கட்டடம், புல்வெளி, கையில் காபி. அதை முதலில் கிழித்துப் போட்டுவிடுகிறேன். நான் இங்கிலாந்தின் வடக்கே ஒரு மழை ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். காலை ஏழு மணிக்குப் போய்க் கிழவர்களைக் குளிப்பாட்டுவேன், துடைப்பேன், கூழ் மாதிரி ஒன்றை ஊட்டுவேன். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. பொறுப்பாளர் பதவிக்குப் போக ஒரு பட்டம் வேண்டும் என்றார்கள். எந்தப் பட்டம் என்று கேட்டேன். எதுவானாலும் சரியாம். அடுத்தவர் மலம் துடைப்பதைக் கண்காணிக்க எந்தப் பட்டமும் போதும் என்று முடிவு செய்த நாடு இது. பகுதிநேரமாகச் சமூக வரலாறு எடுத்தேன். அந்த வகுப்பு என் விடுமுறை நாளில் வந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை.

பேராசிரியை ஓர் ஆங்கிலேயப் பெண்மணி. நெசவாளர் வீடுகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சித் திட்டம் வைத்திருக்கிறார். ஒவ்வொரு மாணவரும் ஓர் ஊரை எடுத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். என்னைப் பார்த்ததும் காஞ்சிபுரம் என்று எழுதிவிட்டார். “எங்கள் வீட்டில் தறியே இருந்ததில்லை” என்றேன். “சுவாரசியம்” என்றார். இங்கே எல்லாமே சுவாரசியம்தான். வீடு பற்றி எரிகிறது என்றாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து அதையேதான் சொல்வார்கள்.

2

முதல் வேலை, குறிப்புரையோடு ஒரு நூற்பட்டியல். அதாவது நம் ஊரைப் பற்றி யார் யார் என்ன எழுதினார்கள் என்று தேடிப் படிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே நூற்றைம்பது சொல்லில் ஒரு பத்தி. என்ன சொல்கிறது, எழுதியவர் யார், நம்பலாமா, என் ஆய்வுக்கு என்ன பயன். அவ்வளவுதான். கணக்குப் பிள்ளை செய்கிற வேலைக்கு இவர்கள் பட்டமளிப்புக் கவுன் மாட்டி விட்டிருக்கிறார்கள்.

பதினாலு கட்டுரைகள் சேர்த்தேன். வேலை இடைவேளையில், பிஸ்கட் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். நாலாவது கட்டுரையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. இவர் அவரை மேற்கோள் காட்டுகிறார், அவர் இன்னொருவரைக் காட்டுகிறார், அந்த இன்னொருவர் திரும்ப முதல் ஆளைக் காட்டுகிறார். பிள்ளையார்பாளையத்துக்கு வழி கேட்டால் பெரிய காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இருக்கிற எல்லாரும் பக்கத்து ஆளைக் கை காட்டுவார்களே, அந்தக் கதை. இதில் பேராசிரியை எழுதிய கட்டுரையும் ஒன்று.

எல்லாக் கட்டுரையிலும் ஒரு சடங்கு வருகிறது. பெயர் “முதல் மண் மரியாதை”. பட்டு நெய்கிற தறிக்குக் கீழே, நெய்பவர் கால் தொங்கவிட்டு மிதிக்க ஒரு குழி இருக்கும் அல்லவா, அந்தக் குழி தோண்டும் நாளில் இது நடக்குமாம். தோண்ட வந்த கூலிக்காரனைத் தெருவாசலில் நிறுத்தி வீட்டுக்காரரே கால் கழுவி விடுவாராம். வெற்றிலைத் தட்டு கொடுப்பாராம். கூலிக்காரன் முதல் பிடி மண்ணை எடுத்துக் கொடுக்க, வீட்டுக்காரர் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாராம். இதை வைத்துத்தான் பதினோரு பேர் எழுதியிருக்கிறார்கள், காஞ்சிபுரத்துத் தறி வீடுகளில் தீட்டு பார்த்ததில்லை, உழைப்பவனைக் கும்பிட்டார்கள் என்று.

இந்தச் சடங்கு எங்கேயோ கேள்விப்பட்டது போலிருக்கிறதே என்று மூலத்தைத் தேடிப் போனேன். எல்லாரும் காட்டுகிற முதல் கட்டுரை கிடைத்தது. சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்க்கிற ஒரு தமிழர் எழுதியது. சடங்குக்கு அவர் கொடுத்த ஆதாரம் ஒரே ஒரு அடிக்குறிப்பு: “ஏழாம் எண் தகவலாளி. ஆண், நாற்பதைத் தாண்டியவர், செவிலிமேடு, தறிக்குழி தோண்டுபவர். பள்ளிச் சீருடையில் இருந்த, கூச்ச சுபாவமுள்ள மகள் தேநீர் கொண்டுவந்தாள்.”

அந்தத் தேநீரைக் கொண்டுவந்தவள் நான்.

கூச்சமாம். சிரிப்பை அடக்க முடியாமல் தாவணி முனையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன். அதைக் கூச்சம் என்று எழுதிப் பேராசிரியர் ஆகிவிட்டான் அந்த ஆள்.

3

அன்று எனக்குப் பத்தாம் வகுப்பு. வெள்ளைக் கார் எங்கள் தெருவுக்குள் நுழைய முடியாமல் தண்ணீர்த் தொட்டியோடு நின்றது. அந்த ஆள் இறங்கி நடந்து வந்தார். கையில் டேப் ரிக்கார்டர். இன்னொரு கையில் மடக்கு நாற்காலி. நாற்காலியைப் பிரித்து என் அப்பாவை உட்காரச் சொல்லிவிட்டு அவர் தரையில் உட்கார்ந்தார். அப்பா பெயர் ஏகாம்பரம். நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். பேண்ட் போட்ட ஒருவர் கீழே இருக்க, தான் மேலே உட்கார்ந்தது நைனாவுக்கு அதுதான் முதல் தடவை. கூரை ஏறிய கோழி மாதிரி விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“தோண்டறதுக்கு முன்னாடி ஏதாவது சடங்கு உண்டுங்களா ஐயா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்.”

“ஒண்ணுமே இல்லையா?”

“கடப்பாரைய எடுப்போம், தோண்டுவோம். சாயங்காலம் வந்துடுவோம்.”

அந்த ஆளின் முகம் தொங்கிப்போனது. டேப்பை நிறுத்தினார். மறுபடி ஓடவிட்டார். “நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க ஐயா. உங்களை விட்டா இதைச் சொல்ல வேற ஆளே இல்லைன்னு சொன்னாங்க.”

நைனா என்னைப் பார்த்தார். நாற்காலியின் கையைத் தடவினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “இருக்குது சார், ஒண்ணு இருக்குது. தெருவாசல்ல எங்கள நிக்க வெச்சி, வீட்டுக்காரரே சொம்புல தண்ணி கொண்டாந்து...” என்று ஆரம்பித்தார். அரை மணி நேரம் விடவில்லை. வெற்றிலை வந்தது, முதல் மண் வந்தது, கண்ணில் ஒற்றுவதுகூட வந்தது. கார் போன பிறகு அம்மா கேட்டாள், “இன்னாய்யா இது, வாய்க்கு வந்தத அவுத்து வுட்டுக்கினு இருந்த?”

“கேட்டான், சொன்னேன். நாக்காலி போட்டவன வெறுங்கையோட அனுப்பச் சொல்றியா?”

4

நடந்தது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நைனா தெருவாசல் வழியாக எந்தத் தறி வீட்டுக்குள்ளும் போனதில்லை. சுற்றிக்கொண்டு போய்ப் பின்வாசல் வழியாக நுழைய வேண்டும். நாலு அடிச் சதுரத்தில் இடுப்பளவு ஆழம் தோண்டி, மண்ணைக் கூடையில் பின்வாசல் வழியாகவே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். தாகம் என்றால் கொட்டாங்குச்சியில் தூக்கி ஊற்றுவார்கள். குடித்து முடித்ததும் அதை அவரே வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு வர வேண்டும். அவர் கிளம்பியதும் தோண்டிய அறை முழுவதும் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அதற்குப் பிறகுதான் தறி இறங்கும். பள்ளி விடுமுறையில் கூடை தூக்கப் போனபோது நானே பார்த்தேன். எல்லா வீடும் இப்படி இல்லை என்று யாராவது கடிதம் எழுதுவீர்கள். எழுதுங்கள். நான் போன வீடுகள் இப்படித்தான்.

இதைப் பேராசிரியையிடம் சொன்னேன். அவருடைய கட்டுரையே அந்தப் பொய்யின் மேல் நிற்கிறது என்றும் சொன்னேன். தலை சாய்ந்தது. என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும். பிறகு, நான் ஆதாரத்துக்கு மிகவும் நெருக்கமாக இருப்பதால் சார்பு வந்துவிடும் என்றார். தூரத்தில் நின்று கேட்டால் ஆய்வு, கூடவே நின்று கூடை தூக்கினால் சார்பு. சொந்த அனுபவமும் தனிப்பட்ட பேச்சும் நூற்பட்டியலில் வராது என்று விதிப் பக்கத்தைக் காட்டினார். “உன் அப்பாவிடம் முறைப்படி பேட்டி எடுத்தால் குறிப்புரையில் சேர்க்கலாம். பட்டியலைத் திட்டத்தின் இணையதளத்தில் போடப்போகிறோம், கவனமாக எழுது” என்றார். கெடு மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி.

முறைப்படி என்றால் ஒரு படிவம். பதினோரு பக்கம். என்னைப் பெற்றவரோடு போனில் பேச, அவரைப் பார்த்தே இராத ஒரு குழு அனுமதி தர வேண்டும்.

5

குழுவின் அனுமதி கெடு வாரத்தில்தான் வந்தது. அன்றே இடைவேளையில் போன் போட்டேன். அங்கே மாலை. பின்னால் டிவி அலறியது.

“நைனா, இது ஆராய்ச்சி. நீ சம்மதிக்கிறேன்னு சொல்லணும்.”

“இன்னாத்துக்கு?”

“எங்கூட பேசறதுக்கு.”

“நாப்பத்தஞ்சு வருசமா பேசிக்கினுதானே இருக்கேன். இப்ப இன்னா புதுசா?”

“கேளு. எப்ப வேணும்னாலும் நீ விலகிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லன்னு போட்டிருக்குது.”

“எதுலேந்து? உனக்கு அப்பனா இருக்கறதுலேந்தா? மின்னாடியே சொல்லியிருந்தா உன் கல்யாணத்துக்கு மின்னாடியே விலகியிருப்பேனேம்மா.”

சிரித்து முடித்த பிறகு சொன்னேன். நாற்காலிக்காரரிடம் அவர் சொன்ன கதை புத்தகமாகி, புத்தகம் பதினாலாகிவிட்டது, அது பொய் என்று எழுதப்போகிறேன் என்று. டிவி சத்தம் நின்றது.

“எழுதினா எவன் படிப்பான்?”

“இன்டர்நெட்ல போடுவாங்க. ஊர்ல இருக்கறவங்களும் படிக்கலாம்.”

“வரதன் படிப்பானா?”

“எந்த வரதன்?”

அப்போதுதான் அந்தக் கதை வெளியே வந்தது. நைனா பல தடவை குழி தோண்டிய ஒரு பெரிய வீட்டின் மகன் வரதன். இப்போது வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தறியும் கோயிலும் காட்டுகிற தொழில் செய்கிறார். அந்த ஆங்கிலக் கட்டுரை எப்படியோ அவர் கையில் கிடைத்திருக்கிறது. போன வருடம் ஸ்கூட்டரில் எங்கள் செவிலிமேட்டுக்கு வந்து விசாரித்திருக்கிறார்.

“நீ இன்னா சொன்ன?”

“ஆமாப்பா, உங்கப்பாவே செஞ்சாரே, நீ அப்ப சின்னப் புள்ள, மறந்திருப்பன்னேன்.”

“அவர் இன்னா சொன்னாரு?”

“லேசா ஞாபகம் இருக்குதுன்னான்.”

இங்கே எனக்கு வந்த சிரிப்பு நல்ல சிரிப்பு இல்லை. செய்யாத மரியாதை ஞாபகம் இருக்கிறது. ஊற்றிய கொட்டாங்குச்சி ஞாபகம் இல்லை.

“வர்ற ஞாயித்துக்கிழமை வெளியூர்க்காரங்களுக்குக் காட்ட அந்தச் சடங்க மண்டபத்துல வெச்சி செய்யறாங்க மல்லி. நம்ம தெருக்காரங்க எல்லாத்துக்கும் பத்திரிகை வெச்சிருக்கான். அவன்தான் வீட்டுக்காரனா நிக்கிறான். நான் முதல் மண்ணு குடுக்கணும்.”

“வேணாம் நைனா. அந்தக் கதைய வெச்சிக்கினு இன்னா எழுதறாங்க தெரியுமா? அங்க தீட்டே இல்லியாம். ரொம்ப நல்லவங்களாம். நீதான் சாட்சியாம்.”

“அவங்கப்பன் எனக்குக் கொட்டாங்குச்சில ஊத்தினான். இவன் வெத்தலத் தட்ட நீட்டறான். நான் சொன்ன பொய்யக் கேட்டுத்தான் இவன் குனியறான். நெசத்தக் கேட்டு எவன் குனிஞ்சான், சொல்லு பாக்கலாம்.”

அவர் போனை வைத்துவிட்டார்.

6

வீட்டில் என் மகள் திவ்யாவிடம் சொன்னேன். வயது பதினேழு. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற வயது. தாத்தா ஒரு லெஜண்ட் என்றாள். ஏழாம் எண் என்று பனியன் அடிக்கலாம் என்றாள். நான் கொட்டாங்குச்சியைப் பற்றிச் சொன்னதும், போனிலிருந்து தலையைத் தூக்கி, “அது எகோ ஃப்ரெண்ட்லி இல்லியாம்மா? டவுன்ல கடையில விக்கறாங்களே, சாலட் போட்டுச் சாப்பிட” என்றாள்.

அறைந்திருப்பேன். அவள் மேல் தப்பில்லை என்று கை நின்றது. அவளுக்கு இதையெல்லாம் நான் சொன்னதே இல்லை. எனக்கும் வெட்கம்தான். பொங்கலுக்கு இங்கே தமிழ்ச் சங்கத்தில் காஞ்சிப் பட்டு கட்டிக்கொண்டு போவேன். “உங்க ஊர்ப் பட்டா, உங்க வீட்டுலயே நெய்வாங்களா?” என்று கேட்பார்கள். நான் சிரித்து வைப்பேன். அவர்கள் ஆமாம் என்று எடுத்துக்கொள்வார்கள். பத்தொன்பது வருடமாக நானும் ஒரு நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நைனாவைப் பொய்யர் என்று எழுத எனக்கு என்ன தகுதி என்று அன்றைக்குத் தோன்றியது. எழுதாமல் விட்டால் பதினைந்தாவது திருடி நான்தான் என்றும் தோன்றியது.

வியாழக்கிழமை நைனாவே கூப்பிட்டார்.

“எழுதிக்கோ.”

“நைனா...”

“கேளு. பொய்யின்னு மட்டும் எழுதிட்டு வுட்டுடாத. அப்பறம் ஏகாம்பரம் புளுகன்னு பேராப்பூடும். கொட்டாங்குச்சி, பின்வாசலு, மஞ்சத்தண்ணி, எல்லாத்தையும் எழுது. என் பேரையும் போடு. ஏழுன்னு போடாத. நான் இன்னா ஜெயில்லயா இருக்கேன்?”

“சரி.”

“இன்னொண்ணு. ஞாயித்துக்கிழமை நான் மண்ணு குடுத்துட்டு வந்தப்பறம் அனுப்பு. ஒரு வாட்டி அவன் குனியறத தெரு பாக்கட்டும். அதுக்கப்பறம் எவன் படிச்சா எனக்கு இன்னா?”

“நாளைக்கு நாலு மணிக்குள்ள குடுக்கணும் நைனா. லேட்டானா மார்க்கு கொறைப்பாங்க.”

“கொறைச்சிக்கட்டும். மார்க்கு வாங்கற வயசா உனக்கு?”

7

வெள்ளிக்கிழமை நாலு மணி ஆனபோது ஒரு கிழவருக்கு ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தேன். குறிப்புரை தயாராக இருந்தது. நூற்றைம்பது சொல்லுக்குள் பின்வாசல், கொட்டாங்குச்சி, மஞ்சள் தண்ணீர் மூன்றையும் அடைத்துவிட்டேன். நம்பலாமா என்ற இடத்தில், நம்பக் கூடாது, கேட்டவர் விரும்பியதைச் சொன்னார்கள் என்று எழுதினேன். சொன்னவர் பெயர் ஏகாம்பரம் என்று எழுதினேன். தேநீர் கொண்டுவந்த பெண்ணுக்கு அன்று வந்தது கூச்சம் அல்ல, சிரிப்பு என்றும் எழுதினேன். பயன் என்ற இடத்தில் ஒரே வரி: இதை மேற்கோள் காட்டிய மற்ற எல்லாக் கட்டுரைகளையும் இனி எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்ளலாம். பேராசிரியையின் கட்டுரை அதில் ஐந்தாவது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி வீடியோ அனுப்பினாள். மண்டபத்து மேடை. நடுவில் ஒரு நீல பிளாஸ்டிக் டப்பில் மண். குழி தோண்ட மேடையில் இடம் ஏது? நைனா புது வேட்டியில் நிற்கிறார். கால் கழுவியாகிவிட்டது, வெற்றிலை கொடுத்தாகிவிட்டது. வரதன் பட்டுச் சட்டையோடு குனிந்து இரண்டு கையையும் நீட்டுகிறார். நைனா ஒரு பிடி மண் எடுத்தார். கொடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டார். இன்னொன்றைத் தேடினார். வரதன் குனிந்தபடியே தலையை லேசாகத் தூக்கிப் பார்த்தார். நைனா மூன்றாவது கல்லைப் பொறுக்கினார். முன்வரிசையில் எங்கள் தெருக்காரர் ஒருவர், “ஏகாம்பரம், மெதுவா தேடுய்யா, அவசரமே இல்ல” என்று குரல் கொடுக்க, பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் மண்ணைக் கொடுத்தார்.

உடனே அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். தாமதத்துக்குக் காரணம் கேட்டு ஒரு பக்கம் திறந்தது. நோய், மரணம், கணினிக் கோளாறு, மற்றவை. மற்றவையில் எழுதினேன்: “என் தகவலாளி ஞாயிற்றுக்கிழமை ஒருவரைக் குனிய வைக்க வேண்டியிருந்தது.”

திங்கட்கிழமை பதில் வந்தது. அந்தக் காரணம் விதிகளில் இல்லையாம். பத்து மதிப்பெண் கழித்துவிட்டார்கள்.

வீடியோவை மறுபடி போட்டு, வரதன் குனிந்திருந்த நேரத்தை எண்ணினேன். பதினேழு நொடி. நொடிக்கு ஒரு மதிப்பெண்கூட ஆகவில்லை.